ஒரே கேள்வியை மூன்று டாக்டர்கள் கேட்பது ஏன்? நரம்பியல் ரெசிடென்சி பற்றி ஓர் எளிய அறிமுகம்

மாமாவை நரம்பியல் வார்டில் சேர்த்த அன்று ராத்திரி மூன்று பேர் அடுத்தடுத்து வந்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். முதலில் வந்தவர் ரொம்ப சின்னப் பையன். நோட்டில் எழுதி எழுதிக் கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து இன்னொருவர், நீளக் கைப்பிடி வைத்த ரப்பர் சுத்தியலோடு வந்தார். நள்ளிரவு தாண்டி மூன்றாமவர். "ஐயா, இன்னைக்கு என்ன கிழமை? கால் எப்ப இருந்து இழுக்குது?" மாமாவுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கவே மாட்டீங்களா தம்பி?" என்று கேட்டேவிட்டார்.

மூன்றாமவர் சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "போன ஒரு மாசத்துல தலை எங்கயாவது லேசா இடிச்சுதா ஐயா? அலமாரிக் கதவு, நிலைப்படி, இப்படி?" என்றார். மாமா இல்லை என்று தலையாட்டினார். அத்தைதான் யோசித்துச் சொன்னார்: மூன்று வாரத்துக்கு முன்பு காரில் ஏறும்போது உச்சந்தலை இடித்தது. வீங்கக்கூட இல்லை, அப்போதே மறந்துபோனோம். முன்னால் வந்த இருவரும் "அடி பட்டதா" என்றுதான் கேட்டிருந்தார்கள். அதை நாங்கள் அடி என்றே நினைக்கவில்லை. இதயத்துக்காக மாமா ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும் அப்போதுதான் பேச்சில் வந்தது. மறுநாள் காலைக்கு என்றிருந்த சி.டி. ஸ்கேனை அன்றிரவே எடுத்தார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே, பிறை வடிவில் பழைய ரத்தம் தேங்கி நின்றது.

அந்த மூவரில் முதலாமவர் இன்னும் பட்டம் வாங்காத மாணவர். இரண்டாமவரும் மூன்றாமவரும் டாக்டர்கள்தான், ஆனால் பயிற்சியில் இருப்பவர்கள். ஒருவர் இரண்டாம் ஆண்டு, மற்றவர் கடைசி ஆண்டு. இவர்களைத்தான் ரெசிடென்ட் என்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போகிற நோயாளி அதிக நேரம் பார்ப்பது இவர்கள் முகத்தைத்தான். இருந்தாலும் இவர்கள் யார், என்ன படிக்கிறார்கள், எவ்வளவு தூரம் முடிவெடுக்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது.

குடியிருந்தவர்கள்

ரெசிடென்ட் என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் குடியிருப்பவர். 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது, பொது மருத்துவத்துக்குப் பொறுப்பேற்ற வில்லியம் ஆஸ்லரும் அறுவை சிகிச்சைக்குப் பொறுப்பேற்ற வில்லியம் ஹால்ஸ்டெடும் இந்த முறைக்கு ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். பட்டம் முடித்த இளம் டாக்டர்கள் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டும். கல்யாணம் ஆகாதவர்களாக இருந்தால் வசதி என்று கருதப்பட்ட காலம் அது.

ஹால்ஸ்டெடின் ஏற்பாடு ஒரு பிரமிடு. கீழே பலர் சேருவார்கள், ஆண்டுக்காண்டு சிலர் வடிகட்டப்படுவார்கள், உச்சியில் தலைமை ரெசிடென்டாக ஒருவர்தான் நிற்பார். பயிற்சிக்குக் கால வரையறை கிடையாது. "இவன் தயார்" என்று குருவுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போதுதான் முடியும். இன்று இதை யாரும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள். பின்னாளில் பிரமிடு போய், சேர்ந்த எல்லோரும் படித்து முடிக்கும் செவ்வக முறை வந்தது. ஆனாலும் ஹால்ஸ்டெடின் அடிப்படைச் சிந்தனை அப்படியே நிற்கிறது: பொறுப்பைப் படிப்படியாகக் கைமாற்றிக் கொடுப்பது. வகுப்பு, புத்தகம், தேர்வு எல்லாம் அதைச் சுற்றி நிற்கிற சாரம்தான்.

நவீன மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று சொல்லப்படும் ஹார்வி குஷிங், இந்த ஹால்ஸ்டெடிடம் ரெசிடென்டாக இருந்தவர். பயிற்சிக்குப் பின் ஐரோப்பா போய், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோஹரிடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். கோஹர் என்ற பெயரை நினைவில் வையுங்கள், கீழே அவர் மறுபடி வருவார்.

ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள்

நரம்பியல் என்றால் மருந்து, நரம்பு அறுவை என்றால் கத்தி. இப்படிப் பிரித்துச் சொல்வது வழக்கம். தவறில்லை, ஆனால் பாதிதான் சரி. பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன், ஒற்றைத் தலைவலி, தசைச் சிதைவு, மறதி நோய் ஆகியவை நரம்பியலின் பக்கம். மூளைக் கட்டி, தலைக்காயம், ரத்தக்குழாய் வீக்கம், தண்டுவட அழுத்தம் போன்றவை அறுவையின் பக்கம். ஆனால் ஒரு நோயாளி வாசலில் நுழையும்போது எந்தப் பக்கம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. மாமா கால் இழுக்கிறது என்று நரம்பியலுக்கு வந்தார், இரண்டாம் நாள் அறுவைப் பிரிவில் இருந்தார்.

இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் வைல்டர் பென்ஃபீல்டு. குஷிங்கிடம் சிறிது காலம் பயிற்சி பெற்றவர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1934-இல் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தைத் தொடங்கினார். நரம்பியலாளர், அறுவை நிபுணர், ஆய்வாளர் எல்லோரும் ஒரே கட்டடத்தில். வலிப்பு நோயாளியை விழிப்போடு வைத்து மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் கொடுத்து, "இப்போது என்ன உணர்கிறீர்கள்" என்று கேட்டுக் கேட்டு அவர் வரைந்த மூளை வரைபடம் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்த வேலைக்கு வலிப்பைப் புரிந்தவரும் வேண்டும், மண்டையைத் திறக்கத் தெரிந்தவரும் வேண்டும், மின்னலைகளைப் படிக்கத் தெரிந்தவரும் வேண்டும். அங்கே பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். கொல்லன் பட்டறை மாதிரி, இந்தத் தொழிலில் யாரிடம் படித்தாய் என்ற கேள்விக்கு இன்னமும் மதிப்பு உண்டு.

எத்தனை வருஷம் என்று கேட்டால் நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். அமெரிக்காவில் நரம்பியலுக்கு 4 ஆண்டு, அதில் முதல் ஆண்டு பொது மருத்துவம். நரம்பு அறுவைக்கு 7 ஆண்டு. கனடாவில் 5-ம் 6-ம். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. 3 ஆண்டு, அதன்மேல் டி.எம். நரம்பியல் 3 ஆண்டு. அறுவைக்கு எம்.எஸ். முடித்து எம்.சி.ஹெச். 3 ஆண்டு, அல்லது எம்.பி.பி.எஸ்.ஸிலிருந்து நேரடியாக 6 ஆண்டு.

முதலில் எங்கே, பிறகு என்ன

நரம்பியல் ரெசிடென்டுக்கு முதல் நாளிலிருந்து மண்டையில் அடித்து ஏற்றப்படும் ஒரு பழக்கம் உண்டு. என்ன நோய் என்று யோசிக்காதே, எங்கே கோளாறு என்று முதலில் சொல். மற்றத் துறைகளில் பெரும்பாலும் உறுப்பு தெரியும், நோய்தான் தெரியாது. நெஞ்சு படபடத்தால் இதயத்தைப் பார்க்கலாம். நரம்பு மண்டலத்தில் அப்படி இல்லை. கால் விளங்கவில்லை என்றால் கோளாறு காலிலும் இருக்கலாம், இடுப்பிலும் இருக்கலாம், உச்சந்தலைக்குக் கீழேயும் இருக்கலாம்.

ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். ஒருவருக்கு வலது பாதம் தொங்குகிறது. நடக்கும்போது விரல் நுனி தரையில் தட்டுகிறது, அதனால் முழங்காலை அதிகம் உயர்த்தி நடக்கிறார். பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் முடியவில்லை. இரண்டாம் ஆண்டு ரெசிடென்ட் அவர் முன்னால் உட்கார்கிறார். ஸ்கேன் எதுவும் இன்னும் எடுக்கவில்லை.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாகத் தடவினால் ஓர் எலும்பு முண்டு கையில் தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலே அது நசுங்கும். பாதத்தை மேலே தூக்கும் தசைக்கு உத்தரவு இந்த நரம்பு வழியாகத்தான் போகிறது. ஆனால் அதே உத்தரவு இன்னும் மேலே, இடுப்பில் ஐந்தாம் நரம்பு வேர் வழியாகத்தான் தண்டுவடத்திலிருந்து புறப்படுகிறது. அங்கே டிஸ்க் பிதுங்கி அழுத்தினாலும் பாதம் தொங்கும். இரண்டில் எது?

இங்கேதான் அந்தச் சின்னச் சோதனை. "பாதத்தை உள்பக்கமாகத் திருப்புங்க" என்கிறார் ரெசிடென்ட். உள்பக்கம் திருப்பும் தசைக்கும் அதே ஐந்தாம் வேரிலிருந்துதான் உத்தரவு வருகிறது. ஆனால் அது போகிற பாதை வேறு, முழங்காலுக்குப் பின்பக்கமாக இறங்கும் இன்னொரு நரம்பு. ஆக, உள்பக்கம் திருப்புவது வலுவாக இருந்தால் கோளாறு முழங்கால் பக்கம். அதுவும் பலவீனம் என்றால் இடுப்பு. பத்து விநாடி வேலை, செலவு இல்லை, எங்கே ஸ்கேன் எடுப்பது என்பதையே மாற்றிவிடுகிறது.

ரெசிடென்ட் இதோடு நிறுத்தினால் மூத்தவர் விடமாட்டார். "உள்ளங்காலைக் கீறிப் பார்த்தாயா?" என்று கேட்பார். உள்ளங்காலின் வெளி விளிம்பில் குதிகாலிலிருந்து மேல்நோக்கி ஒரு மழுங்கிய முனையால் கீறினால் பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே நிமிர்ந்தால் கோளாறு மூளையிலோ தண்டுவடத்திலோ. பாரிஸில் ஜோசஃப் பாபின்ஸ்கி 1896-இல் சொன்னது இது. மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்த்திருக்கும் உட்சுவரில்தான் காலை இயக்கும் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு கட்டி மெதுவாக வளர்ந்தால் முதலில் தொங்குவது பாதம்தான். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ஏதோ ஒரு டிஸ்க் பிதுக்கத்தைப் பார்த்து, அதற்கு வைத்தியம் செய்துகொண்டே மாதக்கணக்கில் இழுபடுகிற ஆள் இப்படிப்பட்டவராக இருக்கலாம். நடுத்தர வயதைத் தாண்டிய முதுகை ஸ்கேன் எடுத்தால் டிஸ்க் பிதுக்கம் யாருக்குத்தான் இல்லை?

எங்கே என்பது முடிந்த பிறகுதான் என்ன. அதற்கு ரெசிடென்ட் காலத்தைப் பிடித்துக்கொள்கிறார். கண் இமைக்கும் நேரத்தில் வந்ததா, ரத்தக்குழாயைச் சந்தேகப்படு. மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஏறியதா, கிருமியோ அழற்சியோ. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் என்றால் கட்டி, அல்லது மாமாவுக்கு இருந்ததுபோல் மெல்லத் தேங்கும் ரத்தம். வருஷக்கணக்கில் என்றால் செல்கள் தேய்கிற நோய்கள். "எப்போதிருந்து" என்று ஆளாளுக்குக் கேட்டது இதற்காகத்தான்.

ராத்திரி அழைப்பு

நிதானமாகச் சுத்தியல் தட்டுகிற இந்தத் துறைக்கு அவசரமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1995-இல் அது முடிந்தது. பக்கவாதம் வந்து 3 மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ரத்தநாளத்தில் ஏற்றினால் ஊனம் குறையும் என்று அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. 2008-இல் அந்தக் கெடு நாலரை மணி நேரமாக நீண்டது. பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் தொடை வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கலாம் என்பதை 2015-இல் அடுத்தடுத்து வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. 2018 முதல், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட இதைச் செய்கிறார்கள். பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வந்தது. அதன் பிறகு நரம்பியல் ரெசிடென்டும் ஓடத் தொடங்கினார்.

ராத்திரி 3 மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து போன். வலது கை, கால் விளங்கவில்லை, பேச்சு இல்லை. ரெசிடென்ட் கேட்கும் முதல் கேள்வி "எப்போது வந்தது" என்பதாக இருக்காது. "கடைசியாக எப்போது நல்லபடியாகப் பார்த்தீர்கள்?" என்று கேட்பார். தூங்கி எழும்போது விளங்காமல் கிடந்தால், கடிகாரம் படுக்கப்போன நேரத்திலிருந்தே ஓடுகிறது. அடுத்தது 0 முதல் 42 வரையிலான ஒரு மதிப்பெண் அட்டவணை. கண் அசைவு, முகக் கோணல், கை கால் வலு, பேச்சு என்று சில நிமிடங்களில் எண் போட்டுவிடுவார். பிறகு சி.டி. அடைப்பா, கசிவா என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் கசிவில் இந்த மருந்து உயிரைக் குடிக்கும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. மனைவியிடமோ மகனிடமோ சொல்ல வேண்டும். 1995 ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 100-க்கு 6 பேருக்கு மூளையில் நோயை மோசமாக்கும் அளவு ரத்தக்கசிவு ஏற்பட்டது. அதையும் மறைக்காமல் சொல்லி, மருந்தால் வரும் நன்மையையும் சொல்லி, இரண்டு நிமிடத்தில் சம்மதம் வாங்க வேண்டும். முதலாம் ஆண்டு ரெசிடென்ட் இதைத் தனியாகச் செய்வதில்லை. மூத்தவரோ பேராசிரியரோ போனில் படங்களைப் பார்த்துச் "சரி, கொடு" என்ற பிறகே ஊசி ஏறும். மூன்றாம் ஆண்டில் அதே போன் கால் வேறு மாதிரி இருக்கும். "கொடுக்கலாமா சார்" என்பது "கொடுக்கப்போகிறேன் சார்" என்று மாறியிருக்கும். ரெசிடென்சி என்ற மொத்தப் படிப்பையும் இந்த ஒரு வினைச்சொல் மாற்றத்தில் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பதினோரு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர்

அறுவைப் பிரிவில் இந்தக் கைமாற்றம் கண்ணுக்கே தெரியும். முதல் ஆண்டில் தியேட்டருக்குள் வருபவர் தலையை மூன்று முனைக் கவ்வியில் சரியாகப் பொருத்தக் கற்கிறார், கடைசியில் தோலைத் தைக்கிறார். நடுவில் நடப்பதெல்லாம் வேடிக்கை. பிறகு மண்டையோட்டில் துளை. இதற்கான துளைப்பான் எலும்பைத் தாண்டி எதிர்ப்பு குறைந்ததும் தானாகவே நின்றுவிடும். ஆனாலும் முதல் முறை பிடிக்கிறவருக்கு அந்த இயந்திரத்தின்மேல் நம்பிக்கை வரக் கொஞ்ச நாளாகும். அதன்பின் எலும்புப் பலகையை எடுப்பது, மூளையுறையைத் திறப்பது, மூடுவது. நுண்ணோக்கிக்குக் கீழே மூளையைத் தொடுவது பல ஆண்டுகள் தள்ளி. அதற்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்களைத் தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்துத் தைத்துப் பழக வேண்டும். கையின் இயல்பான நடுக்கம் நுண்ணோக்கியில் பூகம்பம்போல் தெரியும். முதல் வாரத்தில் அதைப் பார்த்து அரண்டுபோகாதவர்கள் குறைவு என்பார்கள்.

இளைய ரெசிடென்ட் தனியாகச் செய்யத் தொடங்கும் முதல் பெரிய காரியம் பெரும்பாலும் வடிகுழாய். மூளைக்குள் நான்கு நீர் அறைகள் உண்டு. அவற்றில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் சுரந்து, வெளியேறி, ரத்தத்தில் கலக்கிறது. ரத்தக்கசிவாலோ கட்டியாலோ வழி அடைபட்டால் அழுத்தம் ஏறி ஆள் மயங்கிவிடுவார். அப்போது நீரை வெளியே வடித்தாக வேண்டும், சில சமயம் தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலிலேயே.

மூக்கின் வேரிலிருந்து உச்சியை நோக்கி 11 செ.மீ. அளந்து, நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் சுமார் 3 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வைக்கிறார்கள், பெரும்பாலும் வலது பக்கம். இதற்குக் கோஹர் புள்ளி என்று பெயர், குஷிங் வேலை பார்த்த அதே கோஹர். துளையிட்டு, குழாயை அதே பக்கத்துக் கண்ணின் உள் முனையையும் காதின் முன்பக்கத்தையும் குறிபார்த்துச் செலுத்த வேண்டும். உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கையில் லேசாக ஒன்று விட்டுக்கொடுப்பதுபோல் இருக்கும், நுனியில் நீர் சொட்டும். 6, 7 செ.மீ. போயும் சொட்டவில்லை என்றால் மேலும் தள்ளக் கூடாது. வெளியே எடுத்துத் திசையைச் சரிபார்த்து மறுபடி முயல வேண்டும். மூன்று முறையும் தப்பினால் கையை எடுத்துவிட்டு மூத்தவரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மூத்தவரைக் கூப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவர்தான் இந்தத் துறையில் ஆபத்தான ஆள்.

தூக்கம் என்னும் பாடத்திட்டம்

ரெசிடென்சி என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தூக்கமில்லாத டியூட்டி. 1984-இல் நியூயார்க்கில் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 18 வயது மாணவி ஒருவர் சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் நீண்ட டியூட்டியில் இருந்த ரெசிடென்ட்கள். வழக்கும் விசாரணையும் நடந்து, 1989-இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு போட்டது. 2003-இல் அது அமெரிக்கா முழுமைக்கும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு 48 மணி நேரம்.

இதில் அறுவைக்காரர்கள் முணுமுணுப்பது இன்றும் நிற்கவில்லை. பத்து மணி நேரம் ஓடும் கட்டி ஆபரேஷனின் நடுவில் கடிகாரத்தைப் பார்த்து எப்படி வெளியேறுவது என்பார்கள். பார்த்த கேஸ்களின் எண்ணிக்கை குறைந்தால் கை எப்படிப் பழகும் என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் தூங்காமல் கற்றது தலையில் நிற்காது என்பதைத் தூக்கம் பற்றிய ஆராய்ச்சியை அன்றாடம் படிக்கிற நரம்பியல் துறையே மறந்துவிட்டுப் பேசுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

டியூட்டி நேரம் குறைந்தால் இன்னொரு சிக்கல் முளைக்கும். ஒரு நோயாளியை ஒரே நாளில் இரண்டு மூன்று கைகள் மாற்றிவிட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றலிலும் ஏதாவது ஒன்று நழுவும். 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் நலப் பிரிவுகளில் ரெசிடென்ட்களுக்கு ஒப்படைக்கும் முறையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவின்படி மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. நோய் எவ்வளவு தீவிரம், சுருக்கம் என்ன, செய்ய வேண்டியது என்ன, ராத்திரி எது கைமீறலாம், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் அந்த முறை.

பல்கலைக்கழகம் எதற்கு?

கேஸ் பார்க்க எந்தப் பெரிய மருத்துவமனையும் போதும். பல்கலைக்கழகம் கூடுதலாகத் தருவது கேள்வி கேட்கும் சூழலை. நோய்க்குறியியல் துறையில் மூளையைச் சீவிப் பார்க்கும் வாராந்திரக் கூட்டம், கட்டிகளைப் பற்றி ஐந்தாறு துறைகள் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டம், வலிப்பு நோயாளிகளின் காணொளியையும் மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு வாதாடும் கூட்டம் என்று வாரம் நிரம்பிவிடும். பல இடங்களில் அறுவை ரெசிடென்ட்களுக்கு ஆராய்ச்சிக்கென்றே தனியாகக் காலம் ஒதுக்குகிறார்கள்.

இவற்றில் முக்கியமானது, எதை யாரும் வெளியே பேசமாட்டார்களோ அந்தக் கூட்டம். இறப்புகளையும் சிக்கல்களையும் மட்டுமே எடுத்துக்கொண்டு, எங்கே தவறினோம் என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். ரெசிடென்ட் எழுந்து நின்று தன் கேஸைச் சொல்ல வேண்டும். நல்ல துறைகளில் பேராசிரியரும் தன் தவறை அதே இடத்தில் நின்று சொல்வார். பேராசிரியர் ஒருபோதும் எழுந்து நிற்காத துறையில் ரெசிடென்ட்கள் மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். சேரப்போகிறவர் கட்டடத்தின் உயரத்தைவிட இதை விசாரிப்பது நல்லது.

ஆராய்ச்சி எப்படி வார்டுக்குத் திரும்பி வருகிறது என்பதற்கு மாமாவின் நோயே உதாரணம். மண்டையில் இரண்டு துளை போட்டு, தேங்கிய ரத்தத்தை வெளியேற்றுவது பழைய வைத்தியம். வெளியே வருவது பழைய என்ஜின் ஆயில் நிறத்தில் இருக்கும். காலி செய்த பிறகு இரண்டு நாளைக்கு ஒரு வடிகுழாயை விட்டுவைக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருந்தது. கேம்பிரிட்ஜில் ஒரு குழு சீட்டுக் குலுக்குவதுபோல நோயாளிகளைப் பிரித்துச் சோதித்து 2009-இல் முடிவைச் சொன்னது. குழாய் இல்லாவிட்டால் 24 சதவீதம் பேருக்கு மறுபடி ஆபரேஷன் வேண்டியிருந்தது, குழாய் வைத்தால் 9 சதவீதம். விலை மலிவான ஒரு ரப்பர் குழாய் பற்றிய சண்டை இப்படி முடிந்தது.

ஐந்து படிகள்

யார் எதைத் தனியாகச் செய்யலாம் என்பது ஒரு காலத்தில் சீஃபின் மனதுக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. இப்போது அதை எழுதி வைக்கிறார்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு திறமைக்கும் ஐந்து படிகள் வகுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரெசிடென்டை எடைபோடுகிறார்கள். நான்காம் படி பயிற்சி முடிக்கும்போது எட்ட வேண்டியது. ஐந்தாம் படி அதையும் தாண்டியவர்களுக்கு. அறுவை ரெசிடென்ட் ஒவ்வொரு ஆபரேஷனையும் பதிவேட்டில் எழுத வேண்டும்: பார்த்தேனா, உதவினேனா, செய்தேனா என்பது உட்பட.

எல்லாம் முடிந்தாலும் படிப்பு முடிவதில்லை. வலிப்பு, பக்கவாதம், நடுக்க நோய்கள், குழந்தை நரம்பியல், தண்டுவடம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓரிரு ஆண்டு போகிறார்கள். ரத்தக்குழாய் வழியாக மூளைக்குள் போகும் சிகிச்சையைக் கற்க நரம்பியல்காரரும் வரலாம், அறுவைக்காரரும் வரலாம், ஸ்கேன் படிக்கும் கதிரியல்காரரும் வரலாம். வேறு வேறு வாசலில் நுழைந்தவர்கள் அங்கே ஒரே மேசையைச் சுற்றி நிற்கிறார்கள்.

மாமாவுக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் சம்மதப் படிவத்தோடு வந்தவர் அறுவைப் பிரிவின் நான்காம் ஆண்டு ரெசிடென்ட். என்ன செய்வார்கள், என்ன ஆபத்து என்று படம் வரைந்து காட்டினார். அத்தைக்கு ஒரே ஒரு கேள்விதான். "கத்தி எடுக்கப்போறது நீங்களா, பெரிய டாக்டரா?" இந்தக் கேள்வியைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு, நேர்மையான பதிலுக்கும் உண்டு. ஆனால் கேட்க நமக்கு வாய் வராது. அந்தப் பெண் தயங்காமல், "துளை போடுறது நான்தான்மா. சார் பக்கத்துலயே நிப்பாரு" என்றார்.

"எத்தனை செஞ்சிருக்கீங்க?"

"இது நாற்பத்தி மூணாவது."

அத்தை பேனாவை வாங்கிக்கொண்டார்.